விஷத் தவளையும் சோம்பேறிக் கற்பனையும்

மாயப்புனைவு எழுதுகிற நண்பர்கள் மீது எனக்கொரு வழக்கு இருக்கிறது. வழக்கின் பொருள் மிகச் சிறியது, ஒரு தவளை.

அத்தவளையை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். நாயகன் இருண்ட சதுப்பு நிலமொன்றைக் கடக்கிறான். சேற்றின் நிறத்தில், கண்கள் மட்டும் வெளியே தெரியப் பதுங்கியிருக்கும் தவளை திடீரெனப் பாய்கிறது. தோழன் உடல் நீலம் பாரித்து விழுகிறான். நாயகன் வாளை உருவுகிறான். தவளை சாகிறது, கதை நகர்கிறது. அது எதைத் தின்று வாழ்கிறது? அதற்கு விஷம் எங்கிருந்து வந்தது? விழுங்கவே முடியாத ஒரு மனிதன் மீது அது ஏன் பாய வேண்டும்? இப்படிக் கேட்டால், “கற்பனை உலகம்தானே, அங்கே எதுவும் நடக்கலாம்” என்கிறார்கள். இந்தப் பதிலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இத்தவளைக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1975 இல் டேவ் ஆர்னசன், ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ விளையாட்டுக்கான ‘பிளாக்மூர்’ என்ற துணைநூலில், சதுப்பு நிலத்தில் ஒரு தவளைக் கோயிலைக் கட்டினார். மனிதரைக் கொல்லும் தவளைகளை அங்கே ஒரு துறவிக் கூட்டம் வளர்த்தது. 1977 இல் கேரி கைகாக்ஸ் எழுதிய அரக்கர் கையேட்டில் விஷத் தவளை தனிப் பதிவாகவே இடம்பிடித்தது. எத்தனை அடி தாங்கும், எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்ற கணக்கு விளையாட்டுக்கு அவசியம். பகடை உருட்டுகிறவருக்கு அது போதும். வாசகருக்குப் போதாது. விளையாட்டின் கணக்குக் கொப்பியைப் பார்த்தெழுதிவிட்டு அதனைப் புனைவு என்று எம்மிடம் நீட்டுவதுதான் எனது முதற் குற்றச்சாட்டு.

இயற்கை இவர்களைவிடத் துணிச்சலாகக் கற்பனை செய்திருக்கிறது. கொலம்பியாவின் பசுபிக் கரையோர மழைக்காட்டில் தங்க விஷத் தவளை வாழ்கிறது. 1978 இல்தான் அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டது. நீளம் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். அதன் தோலில் உள்ள சுமார் 1 மில்லிகிராம் விஷம் பல மனிதரைக் கொல்லப் போதுமானது. ஆனால் அது யார் மீதும் பாய்வதில்லை. பதுங்குவதுமில்லை. பட்டப்பகலில், பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், ‘என்னைத் தொடாதே’ என்று உடம்பாலேயே அறிவித்துக்கொண்டு திரிகிறது. எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்பின் முனையை அதன் முதுகில் தேய்த்துவிட்டுத் தவளையை உயிரோடு விட்டுவிடுவது வழக்கமாக இருந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூண்டிலே பிறந்து பழ ஈக்களையும் சில்வண்டுகளையும் தின்று வளரும் அதே இனத் தவளைக்கு விஷமில்லை. காட்டில் அது உண்ணும் சிற்றுயிர்களிடமிருந்தே விஷம் சேர்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அப்படியாயின் அந்த விஷம் தவளையின் தீய குணமல்ல. ஒரு முழுக் காடும் அதன் தோலில் இட்ட கையெழுத்து. காட்டிலிருந்து பிரித்தால் கையெழுத்து அழிந்துபோகிறது. ஒரு நாவலுக்குப் போதுமான பொருள் இந்த ஒரு செய்தியில் இருக்கிறது. எமது மாயப்புனைவாளரோ அதனை ஒரே வாள்வீச்சில் முடித்துவிடுகிறார்.

“நாங்கள் அறிவியற் பாடநூலா எழுதுகிறோம்?” என்ற கேள்வி வரும். இல்லை. மூன்று கண் தவளையைப் படையுங்கள், பேசும் தவளையைப் படையுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை. நான் கேட்பது உங்கள் உலகத்துக்கேயுரிய ஒரு விதியை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் கற்பித்த மொழி இது. அன்னம் பொய்தான், ஆனால் அந்தப் பொய்க்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஃபிராங்க் ஹேர்பேர்ட் 1965 இல் ‘டியூன்’ நாவலில் படைத்த மணற்புழுவும் பொய்தான். ஆனால் அந்தப் பாலைவனம், நீரின்மை, விலைமதிப்பற்ற வாசனைத் திரவியம் எல்லாமே அப்புழுவின் வாழ்க்கையோடு பிணைந்தவை. அதற்கு நீரே நஞ்சு. புழுவைப் பிடுங்கினால் நாவலே சரிந்துவிடும். உங்கள் தவளையைப் பிடுங்கினால் என்ன சரியும்? ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் ஒரு பாம்பையோ சிலந்தியையோ வைத்தாலும் கதை அப்படியே ஓடும்.

இது வெறும் அழகியற் பிரச்சினை மட்டுமென்றால் நான் இவ்வளவு கோபப்படமாட்டேன். அந்தத் தவளையோடு சேர்த்து அதன் வீட்டுக்கும் தீர்ப்பு எழுதப்படுகிறது. இக்கதைகளில் சதுப்பு நிலம் என்றால் இருள், அழுகல், மரணம். அங்கே நல்லவர் எவரும் வாழ்வதில்லை. இப்படிப் படித்து வளரும் பிள்ளைக்கு, சதுப்பை மண்போட்டு நிரப்புவது ஒரு நற்காரியமாகவே தோன்றும்.

கொழும்பைப் பாருங்கள். மழைவெள்ளத்தை உள்வாங்கி நகரைக் காப்பவை அதன் சதுப்பு நிலங்கள். 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொழும்புக்குக் கிடைத்தது அவற்றால்தான். அதற்கு முந்திய ஆண்டு, 2017 ஏப்ரல் 14 இல், மீதொட்டமுல்லையில் தாழ்நிலத்தின் மீது மலையாகக் குவிக்கப்பட்ட நகரக் குப்பை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது சதுப்பில் பிறந்த எந்த உயிருமல்ல. நஞ்சு வெளியிலிருந்து, லொறிகளில் வந்தது.

மாயப்புனைவு எழுத வருகிறவர் இந்த நஞ்சைப் பற்றி எழுதட்டும். தவளையின் பக்கம் நின்று, வாளோடு வருகிற நாயகனைச் சேற்றுக்குள்ளிருந்து பார்க்கட்டும். அவன் எதற்காக வருகிறான், யார் அனுப்பி வருகிறான் என்று தவளை கேட்கட்டும். அதற்குத் துணிவில்லையென்றால், தயவுசெய்து அந்தப் பிராணியைச் சும்மா விட்டுவிடுங்கள். கிணற்றுத் தவளை என்று எமது மொழி அதனை இழிவுசெய்தது போதும். தன் கிணற்றையாவது அது முழுமையாக அறிந்திருக்கிறது.