பித்தளையும் புளியும்

கார் ஓட்டும்போது கியர் மாற்றுகிற இடத்தில் 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்டால், வீட்டிலுள்ளவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? கியரையா? அதுதான் இல்லை. ஓட்டுகிற அம்மாளைத்தான் பார்ப்பார்கள்! "கிளட்சை நன்றாக மிதிக்க வேண்டாமோ?" என்று பின் ஸீட்டிலிருந்து தீர்ப்பும் வந்துவிடும்.

எனக்கும் அந்தத் தீர்ப்புக் கிடைத்தது. எங்கள் சின்னக் காரை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, எல்லா எண்ணெயும் மாற்றி எடுத்து வந்தோம். மறுநாளிலிருந்து இரண்டாவது கியர் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. பத்து வருஷம் பழகிய கால் ஒரே ராத்திரியில் எப்படி மறந்து போகும்? ஆனாலும் நாலு பேர் நாலு தரம் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறதல்லவா? இரண்டு மாதம் நான் வண்டியைத் தொடவில்லை. கடைசியில் வேறொரு வயதான மெக்கானிக் பழைய பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, உங்கள் காலில் குற்றமில்லை. ஊற்றின எண்ணெய்தான் மாறிப் போச்சு!"

அது என்ன எண்ணெய், ஏன் மாறியது என்பதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கியர்ப் பெட்டிக்குள் வெவ்வேறு வேகத்தில் சக்கரங்கள் சுழன்றுகொண்டிருக்கின்றன. நீங்கள் கியர் மாற்றும்போது, வேகம் வேறுபட்ட இரண்டு பாகங்கள் ஒன்றோடொன்று பல் பொருந்த வேண்டும். அப்படியே மோதினால் பல் உடைந்துவிடும். ஆகையால் நடுவில் ஒரு சமாதானத் தூதரை வைத்திருக்கிறார்கள். 'சிங்க்ரோ' வளையம் என்று பெயர். பெரும்பாலும் பித்தளையில் செய்வார்கள். அந்த வளையம் முதலில் போய் உராய்ந்து இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். பிறகு பற்கள் சத்தமில்லாமல் பொருந்தும்.

இங்கேதான் எண்ணெயின் சூட்சுமம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வழுக்க வேண்டும். இந்த வளையத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்க வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கினால் தூதர் காரியத்தை முடிக்குமுன்பே பற்கள் மோதிக்கொள்ளும். அதுதான் 'கரக்'.

எண்ணெய் டப்பாவின் மேல் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று போட்டிருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த வகைகள் இவை. ஐந்து என்றால் நாலைவிட உசத்தி என்றுதானே நமக்குத் தோன்றும்? கடைக்காரருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இது பரீட்சை மார்க்கு இல்லை. ஜி.எல். 5 முக்கியமாகப் பின் அச்சில் இருக்கும் டிபரன்ஷியலுக்காக ஏற்பட்டது. அங்கே பற்கள் பெரும் பாரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். அதைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்துகளை அதில் தாராளமாகச் சேர்க்கிறார்கள். ஜி.எல். 4-இல் அவை குறைவு.

கந்தகத்துக்கும் பித்தளைக்கும் ஆகாது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் யாராவது புளிக்குழம்பு வைப்பார்களா? களிம்பேறிப் போகும் என்று பாட்டிக்குத் தெரியும். புளி நல்லதுதான், பித்தளையும் நல்லதுதான், சேர்த்தால்தான் வம்பு. இக்காலத்து ஜி.எல். 5 எண்ணெய்கள் பழையவை போல் அவ்வளவு அரிப்பதில்லை. ஆனாலும் வளையம் பிடிக்காமல் வழுக்கும் தொந்தரவு இருக்கவே இருக்கிறது.

ஜீப், வேன் போன்ற வண்டிகளின் பின் அச்சுக்காக ஒர்க்‌ஷாப்பில் ஜி.எல். 5 வாங்கி வைத்திருப்பார்கள். அதே பீப்பாயிலிருந்து எல்லா வண்டிக்கும் ஊற்றிவிடுவதுதான் நடக்கிறது. எங்கள் வண்டிக்கும் அதுதான் நடந்தது.

அடுத்தது, 75 டபிள்யூ 80, 75 டபிள்யூ 90 என்று எண்கள். முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், பின் எண் சூட்டில் எவ்வளவு கனமாக நிற்கும் என்பதையும் காட்டும். "எஞ்சின் எண்ணெய் 40, இது 90; இரண்டு பங்குக்கு மேல் கெட்டியோ?" என்று பயப்பட வேண்டாம். ஒன்றை முழத்திலும் மற்றொன்றைக் கஜத்திலும் அளந்த மாதிரி, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 75 டபிள்யூ 90 கியர் எண்ணெய், சூட்டில் 10 டபிள்யூ 40 எஞ்சின் எண்ணெய்க்குக் கிட்டத்தட்டச் சமமான கனம்தான். ஆனால் வேண்டியதற்குமேல் கனமான எண்ணெயை ஊற்றினால், உதகமண்டலத்து மார்கழிக் காலையில் கியர் நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

அப்படியானால் எல்லாருக்கும் ஜி.எல். 4 தானா? அதுவும் இல்லை! வண்டிக்கு வண்டி பத்தியம் வேறு. ஒரே பெட்டிக்குள் டிபரன்ஷியலும் அடங்கிய சுபாரு கார்களுக்கு ஜி.எல். 5 தான் வேண்டும். 1959-இல் இங்கிலாந்தில் வந்த மினி காரிலோ எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். இன்னும் சில வண்டிகள் ஆட்டோமாட்டிக் கியருக்கான திரவத்தையே கேட்கும். ஆகையால் கடைக்காரர் சொல்வதோ நான் சொல்வதோ வேதமல்ல. வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் வேதம்.

சகோதரிகளே, இன்றைக்கே அந்தக் கையேட்டை எடுத்து, கியர் எண்ணெயின் வகை, எண், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற நான்கையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் சீல் உடைக்காத டப்பாவைக் காட்டச் சொல்லி, சீட்டோடு ஒத்துப் பாருங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் கழற்றிவிட்டு, அப்புறம் வடிக்கும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வடித்த பிறகு மேல் மூடி துருப்பிடித்துக் கழலாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்! பெரும்பாலான வண்டிகளில், சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை எண்ணெய் நின்றால் போதும். வடித்த எண்ணெயையும் ஒரு பார்வை பாருங்கள். மாவு போல் மினுமினுப்பு இருந்தால் பரவாயில்லை. சில்லுச் சில்லாக உலோகம் கிடந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சத்தத்துக்கும் எண்ணெய் காரணமல்ல. ரிவர்ஸ் போடும்போதும் சத்தம் வந்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லையோ என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் வந்தால் வளையத்தைச் சந்தேகியுங்கள்.

எங்கள் வண்டிக்கு அந்தப் பெரியவர் சரியான எண்ணெய் ஊற்றினார். இரண்டொரு நாளில் சத்தம் அடங்கிற்று. வளையம் தேயுமுன் கண்டுபிடித்ததால் பெட்டியைப் பிரிக்கும் செலவு மிச்சம். அந்த இரண்டு மாதம் நான் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். ஆனால் என் கால்மேல் எனக்கிருந்த நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது.

பின் ஸீட்டிலிருந்து இப்போது ஒரு சத்தமும் வருவதில்லை!