கணினிக் கதையாட்டங்கள் பற்றி

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று கேட்டபொழுது, தமிழாசிரியனாதலின் இலக்கண ஆராய்ச்சியையோ சமய நூற் பெருமையையோ எழுதித் தருவேன் என எதிர்பார்த்திருப்பர். அவ்வகையில் எழுத வல்லார் பலர் இம்மலரில் எழுதுகின்றனர். நான் கணினியில் ஆடப்படும் கதையாட்டங்களைப் பற்றி எழுதப் புகுகின்றேன். என் பழைய மாணாக்கர் இதனைக் கண்டு நகைப்பர். அவர்களுக்கு நகைக்கும் உரிமையுண்டு. இளைஞரைப் பிடித்த பேய் என்று இவ்வாட்டங்களைக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஏசியவன் நானே.

அன்று கூட்டம் கலைந்தபின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்து, "சேர் அதில ஒண்டையாவது விளையாடிப் பாத்திருக்கிறீங்களோ?" என்று கேட்டான். கேள்வியிற் குறும்பு இல்லை. இல்லை என்றேன். அவன் வேறொன்றுங் கூறாது சென்றுவிட்டான். நூலைப் படியாமலே அதற்கு மதிப்புரை கூறுவோரை வகுப்பில் எத்தனை முறை இகழ்ந்திருக்கின்றேன்! அடுத்த விடுமுறையில் வெள்ளவத்தையிலுள்ள என் தமக்கையார் வீட்டுக்குச் சென்றபொழுது மருமகனை அழைத்து, இதனை எனக்குக் கற்பி என்றேன். "மாமாவுக்கோ?" என்று அவன் கேட்ட தொனி இன்னும் என் செவியில் உள்ளது. இது நிகழ்ந்து மூன்று ஆண்டுகளாகின்றன.

பந்தாட்டத்தையும் வாகன ஓட்டத்தையும் கணினியில் ஆடுவோர் பலர். அவை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கதையின் உள்ளே நின்று அதனை நாமே நடத்திச் செல்லும் ஆட்டங்களும், அவற்றுள்ளும் பகைவர் கண்ணிற் படாது மறைந்து செல்லும் ஆட்டங்களுமே இக்கட்டுரைக்குப் பொருள். மறைந்து செல்லுதல் நமக்குப் புதிதன்று. வெட்சித்திணையின் துறைகளுள் ஒற்றரால் வேவு அறிதலும் பகைவர் அறியாவாறு செல்லுதலும் உள. இரவில் இலங்கையின் மனைதோறும் புகுந்து தேடிய அனுமன் இவ்வகை வீரருக்கெல்லாம் முன்னோன். இனி, வாலியை மறைந்து நின்று எய்தது தகுமோ என்னும் வழக்கு நம் ஊர்ப் பட்டிமன்றங்களில் இன்றும் தீரவில்லை. அதில் இரு பக்கத்தும் நின்று நானும் வாதிட்டிருக்கின்றேன். ஆயின் அங்கே வில் இராமன் கையில் இருந்தது; நாம் மேடையில் நின்று நீதி பேசினோம். இவ்வாட்டங்களில் வில் நம் கையில் இருக்கின்றது. இவ்வொரு வேறுபாட்டை உணர எனக்கு மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மருமகன் முதலில் தந்தது 'தீஃப்' என்னும் ஆட்டம். அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் நிறுவனத்தார் 1998 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பழையது, எளிய கணினியிலும் இயங்கும், மாமா உடைத்தாலும் நட்டமில்லை என்பது அவன் கணக்குப் போலும். கதைத்தலைவன் கறெற் என்னும் கள்வன். திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். நாம் வெளிச்சத்தில் நின்றால் அது ஒளிரும், இருளில் நின்றால் மங்கும். கம்பளத்தின்மேல் நடந்தால் ஓசையில்லை. ஓட்டுத்தளத்தில் நடந்தால் காவலன் செவி சாய்ப்பான். நீரம்பு எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம். பாசியம்பு எய்து தரையை மெத்தென்றாக்கலாம். இவ்வாட்டத்தின் சிறப்பு யாதெனின், கடினமான படியைத் தெரிந்தெடுத்தால் எவரையும் கொல்லலாகாது என்னும் விதி வந்து சேர்கின்றது. கொல்லுதல் தொழில் அறியாதவன் செயல் என்பது கறெற்றின் கொள்கை. திறமை மிகமிகக் கொலை குறைகின்றது. திறமையைக் கொலையின் தொகையால் அளக்கும் ஆட்டங்கள் மலிந்த துறையில் இஃது அரிய பண்பு.

இங்கே என்னைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் பொன்போல் அரிதாயிருந்தது. ஜாம் போத்தலுள் பஞ்சை வைத்துச் சில துளி எண்ணெயிலே திரி எரித்துப் படித்தவர்கள் நாங்கள். வானில் இரைச்சல் கேட்டால் அம்மா அதனையும் ஊதி அணைத்துவிடுவார். பின்னர் பதுங்குகுழிக்குள் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்போம். 'தீஃப்' ஆட்டத்தில் முதற் பந்தத்தை நான் அணைத்து, சுவரோடு ஒட்டி நின்று, காவலனின் காலடியை எண்ணத் தொடங்கியபோது என் உள்ளங்கை வியர்த்தது. இந்த இருளை எனக்கு முன்பே தெரியும். அறை வாயிலில் நின்ற தமக்கையார் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "உனக்கு இது விளையாட்டாத் தெரியுதோ?" என்று கேட்டு உள்ளே போய்விட்டார்.

அக்கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. ஒரு மாதமளவும் ஆட்டத்தைத் தொடவுமில்லை.

மீண்டும் தொட்டது 'ஏ பிளேக் ரேல்: இனொசென்ஸ்' என்பதனை. பிரான்சின் போர்டோ நகரத்து அசோபோ நிறுவனத்தார் 2019 இல் வெளியிட்டது. 1348 ஆம் ஆண்டு. கொள்ளைநோயும் போரும் சூழ்ந்த பிரான்ஸ். தந்தையைக் கொன்ற படைவீரரிடமிருந்து தப்பி, அமிசியா என்னும் பதினைந்து வயதுப் பெண் தன் ஐந்து வயதுத் தம்பியைக் கைப்பிடித்துக்கொண்டு ஓடுகின்றாள். நிலத்தைப் பிளந்து எலிகள் வெள்ளம்போல் எழுகின்றன. அவை அஞ்சுவது ஒளி ஒன்றுக்கே. 'தீஃப்' ஆட்டத்திலே பகையாயிருந்த விளக்கு இங்கே அரணாகிவிடுகின்றது. எரியும் கொள்ளியின் வட்டத்துக்குள்ளேதான் உயிர். ஜாம் போத்தல் விளக்கை இரு வகையாகவும் அறிந்த எனக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியிருக்கவில்லை. தம்பியை 'இங்கே நில்' என்று விட்டுப் போகவும், திரும்பி வந்து கைப்பிடிக்கவும் தனித்தனி விசைகள் உள. தமக்கையார் இம்முறை நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு அமர்ந்தார். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, சனத்திரளினூடே நாவற்குழிப் பாலத்தைக் கடக்கையில் பன்னிரண்டு வயதினனாகிய என் கையை இறுகப் பற்றியிருந்தவர் அவர். திரையில் நான் தம்பியைத் தனியே நிறுத்திவிட்டு நடந்தபோது, "அந்தப் பிள்ளையின்ரை கையை விடாதை" என்றார். அந்தப் பயணத்தைப் பற்றி நாங்கள் இருவரும் முதன்முறையாக வாய்விட்டுப் பேசியது அன்றிரவுதான்.

இவ்வளவு கடன்பட்டும் அவ்வாட்டத்தின் குறையை மறைக்க மாட்டேன். முதல் மனிதனைக் கொன்றபொழுது அமிசியா நடுங்குகின்றாள், நாமும் நடுங்குகின்றோம். ஆனால் கதை வளர வளர, காவலனின் கையிலுள்ள விளக்கைக் கவண்கல்லால் உடைத்து அவனை எலிகளுக்கு இரையாக்குவது அன்றாட வேலையாகிவிடுகின்றது. கதை இரங்கச் சொல்லுகின்றது. கையோ இரங்காமற் பழகுகின்றது. வாய் ஒன்று சொல்லக் கை வேறொன்று செய்யும் ஆட்டம், எத்துணை அழகியதாயினும், பொய் சொல்லுகின்றது என்பதே என் கட்சி.

'அசாசின்ஸ் கிறீட்' பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 2007 இல் வந்த முதற் பாகம் 1191 ஆம் ஆண்டின் சிலுவைப்போர்க் காலத்து எருசலேமையும் தமாஸ்கசையும் கண்முன் நிறுத்துகின்றது. கோபுரத்தின் உச்சியில் ஏறி நின்று நகரைப் பார்ப்பது பேரின்பம். இறங்கியபின் செய்த வேலையையே செய்வது பெருஞ்சலிப்பு. 2009 இல் வந்த இரண்டாம் பாகத்துப் புளோரன்ஸ் நகருக்காக வரலாற்று ஆசிரியர் எவரும் ஒருமுறை அதனைப் பார்க்கலாம்.

'டிஸ்ஒணர்ட்' ஆட்டத்தோடு எனக்கு நீண்ட வழக்கு உண்டு. பிரெஞ்சு நிறுவனமாகிய ஆர்கேன் 2012 இல் செய்தது. அரசியின் மெய்காவலன் கொர்வோ; அரசியைக் கொன்றவன் அவனே எனப் பழி சுமத்தப்படுகின்றான். அவன் மிகுதியாகக் கொன்றால் நகரில் எலியும் நோயும் பெருகுகின்றன, முடிவும் இருளடைகின்றது, அரசியின் சிறுமகள் வரையும் சித்திரமுங்கூட மாறுகின்றது. படகோட்டியாகிய முதியவர் நம் கொலைகளை வெறுத்து, இறுதியில் நாம் வருவதைப் பகைவர் அறியத் துப்பாக்கியால் ஒரு வேட்டுத் தீர்க்கின்றார். குழந்தை நம்மைப் பார்த்துக் கற்கின்றது என்பதை இவ்வளவு நன்றாக ஆசிரியரும் சொல்ல மாட்டோம். ஆயின் எவரையும் கொல்லாத வழியை நோக்குக. சுரங்க முதலாளிகளாகிய இரட்டையரைக் கொல்லாது விட்டால், அவர்கள் நாவறுக்கப்பட்டு, தலை மழிக்கப்பட்டு, தம் சுரங்கத்திலேயே அடிமைகளாகின்றனர். சீமாட்டி ஒருத்தியைக் கொல்லாது விடவேண்டுமாயின், அவளை மயக்கி, அவள்மேல் மோகங்கொண்ட ஒருவனின் படகில் ஏற்றிவிடல் வேண்டும். அவள் திரும்பி வருவதில்லை. ஆட்டமோ நம்மைக் கொலை செய்யாதவன் என்று பாராட்டுகின்றது. நான் அப்படகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்து, மருமகனிடம், இது பாராட்டுக்குரியதா என்று கேட்டேன். "அதுக்குத்தான் புள்ளி, மாமா" என்றான். கொல்லாமை கணக்கேட்டில் ஒரு பத்தியாகிவிட்டால் அருள் அதிலிருந்து போய்விடுகின்றது.

ஹிடெயோ கொஜிமா இயக்கி 2004 இல் வெளிவந்த 'மெற்றல் கியர் சொலிட் 3' என்பதனை, 2023 இல் வந்த மறுபதிப்புத் தொகுப்பில் ஆடினேன். அதன் உரையாடல்கள் பரிசளிப்பு விழாவிற் பிரதம விருந்தினர் உரைபோல் நீளுவன, பொறுத்துக்கொள்ளல் வேண்டும். களம் 1964 ஆம் ஆண்டின் சோவியத் காடு. தன்னைப் பயிற்றி ஆளாக்கிய ஆசிரியையை, அவர் பகைவரோடு சேர்ந்துவிட்டார் என்பதற்காக, மாணாக்கன் கொல்ல அனுப்பப்படுகின்றான். இடைவழியில் ஓர் ஆறு. அதனுள் நடக்கையில், அதுவரை நாம் கொன்றவர் யாவரும் எதிரே வருகின்றனர். முதன்முறை கைத்திறன் போதாமையாற் பலரைச் சுட்டிருந்தேன். எனவே பலர் வந்தனர். புள்ளியும் இல்லை, கண்டனமும் இல்லை. நடந்து கடக்க வேண்டியதுதான். 'டிஸ்ஒணர்ட்' கணக்கெழுதிக் காட்டுவதனை இவ்வாறு வாய்பேசாமற் செய்கின்றது. இறுதியில் வெண்மலர்ப் பரப்பிலே ஆசிரியை வீழ்ந்து கிடக்கின்றார். படம் தானே ஓடி முடியும் என்று காத்திருந்தேன். ஓடவில்லை. நாம் விசையை அழுத்தும்வரை கதை நகர்வதில்லை. "மாமா, பட்டனை அமத்தினாத்தான் முடியும்" என்றான் மருமகன். அழுத்தினேன், மலர்கள் செந்நிறமாயின. அவர் துரோகியல்லர், தம் நாட்டின் ஆணைப்படியே பகைவரோடு சேர்ந்து பழியேற்றவர் என்பது பின்னரே தெரியவருகின்றது. துரோணர் வீழ்ந்த வரலாற்றைப் பல்லாண்டுகளாக வகுப்பிற் சொல்லி வருகின்றேன். இனி முன்போல் விரைந்து சொல்லிவிட்டுப் போக இயலாது.

'த லாஸ்ற் ஒஃப் அஸ்' 2013 இல் நோட்டி டோக் நிறுவனத்தார் செய்தது. 2023 இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தமையாற் பலர் அறிவர். மனிதரை வெறியராக்கும் பூஞ்சை நோயால் உலகம் சிதைந்து இருபது ஆண்டுகள். மகளை இழந்த ஜோவெல், நோய் தொற்றாத எல்லி என்னும் சிறுமியை அமெரிக்காவின் குறுக்கே அழைத்துச் செல்லுகின்றான். அவளை அறுத்தால் மருந்து கிடைக்கலாம், அவள் பிழையாள். ஜோவெல் வைத்தியசாலைக்குள் துப்பாக்கியோடு புகுகின்றான். அறுவைக் கத்தியோடு வைத்தியர் வழிமறிக்கின்றார். அவரைக் கொல்லாமற் செல்ல வழியில்லை, நான் தேடினேன். பின்பு ஜோவெல் அவளிடம் பொய் சொல்லுகின்றான். அவள் சரி என்று ஒரு சொல் சொல்லுகின்றாள். அத்துடன் கதை முடிகின்றது. எனக்கு விருப்பமில்லாத செயலை ஏன் என் கையாற் செய்வித்தனர் என்று முதலில் வெகுண்டேன். இன்று அவ்வாறு எண்ணவில்லை. 'ஏ பிளேக் ரேல்' கொல்லச் செய்துவிட்டு மறந்துவிடுகின்றது; இது செய்வித்ததை மறக்கவில்லை. ஒரு பிள்ளையை வளர்த்தவன் அவ்விடத்தில் என்ன செய்வான் என்று தமக்கையாரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தாரேயன்றி விடை கூறவில்லை.

மாணவருக்கு ஒன்று. இவற்றுட் பல, 'த லாஸ்ற் ஒஃப் அஸ்' உட்பட, அமெரிக்காவில் 17 வயதுக்குக் குறைந்தோர்க்கு உகந்தனவல்ல என முத்திரையிடப்பட்டவை. அதனைக் கீழ்வகுப்புப் பிள்ளைகள் ஆடுவதனை நான் இன்றும் தடுப்பேன். இரவிரவாக ஆடிவிட்டு முதற் பாடத்தில் உறங்குவோரிடமும் எனக்கு இரக்கமில்லை. ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று: ஏசுமுன் ஒன்றையேனும் ஆடிப் பாருங்கள். என்னிடம் கேள்வி கேட்ட மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். கல்லூரி விளையாட்டுப் போட்டிக்கு வந்தவன் என்னைக் கண்டு, "சேர் இப்ப என்ன விளையாடுறீங்கள்?" என்று கேட்டான்.

2020 இல் வந்த இரண்டாம் பாகத்தை ஆடுவதாகச் சொன்னேன். அங்கே, நான் கொன்ற அந்த வைத்தியருக்கு ஒரு மகள் இருக்கின்றாள். கதையின் நடுவில் நம்மை அவளாகவே ஆட வைக்கின்றனர். சியாற்றில் நகரத்துப் பாழடைந்த அரங்கொன்றில் அவளாக நின்று எல்லியை அடிக்க வேண்டிய இடத்தில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கின்றேன். "நானும் அதில ரெண்டு கிழமை நிப்பாட்டினனான், சேர்" என்றான் அவன். எனக்கு இப்பொழுது நான்காம் மாதம்.