கழுத்தில் அரிப்பும் கருமையும்: காரணம் அறிந்து கவனிப்போம்

கேள்வி: களையெடுப்புக்குப் போய் வரும் நாட்களில் கழுத்து முழுவதும் அரித்துத் தடிப்பதாகவும், தோல் கருத்துச் சொரசொரப்பாகிவிட்டதாகவும் சேரன்மகாதேவி பகுதி வாசகி ஒருவர் எழுதியுள்ளார். மருந்துக் கடையில் வாங்கிய களிம்பைத் தடவினால் நான்கு நாள் அடங்கி, மறுபடியும் வந்துவிடுகிறதாம். வயல் வேலையையே விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்கிறார்.

பதில்: உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். எந்தப் பொருள் தோலைக் கெடுக்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். களையெடுக்கும் நாளில் கூடி, வீட்டில் இருக்கும் நாளில் குறைகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்த்தீனியத்தைத்தான்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தக் களை, 1955-ஆம் ஆண்டில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. தாமிரபரணிப் பாசனப் பகுதியிலும் வாய்க்கால் கரை, களத்துமேடு, பிசான அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடக்கும் வயல் என ஈரம் கண்ட இடமெல்லாம் முளைக்கிறது. இதன் இலை, தண்டு, பூவில் உள்ள நுண்ணிய ரோமங்களில் பார்த்தீனின் என்ற பொருள் இருக்கிறது. செடி காய்ந்தால் அதன் தூள் காற்றில் பறந்து, வியர்த்த கழுத்தில் ஒட்டிக்கொள்ளும். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமல் இருந்து, ஒரு கட்டத்தில் உடம்பு ஏற்காமல் போகலாம். அதன்பின் சிறிதளவு பட்டாலே அரிப்பு தொடங்கிவிடும்.

வெயிலால் வந்ததா, பார்த்தீனியத்தால் வந்ததா என்று அறிய ஓர் அடையாளம் உண்டு. வெயிலால் வந்த தடிப்பு பெரும்பாலும் பிடரியிலும் கழுத்தின் திறந்த பகுதியிலும்தான் இருக்கும். பார்த்தீனியத் தூளோ தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னே, கண் இமை, முழங்கை மடிப்பு என வெயில் அதிகம் படாத இடங்களையும் பிடிக்கும். செவ்வந்தி, சூரியகாந்தி ஆகியவையும் இதே குடும்பச் செடிகள். பார்த்தீனியம் ஒவ்வாதவர்களில் சிலருக்கு அவையும் ஒவ்வாமல் போவதுண்டு.

சங்கிலி படும் வட்டத்தில் மட்டும் அரித்தால் கவரிங் நகையில் உள்ள நிக்கல் காரணமாக இருக்கலாம். சில நாள் கழற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

செய்ய வேண்டியவை:

1. வேலைக்குப் போகும்போது காலர் வைத்த முழுக்கைப் பருத்திச் சட்டை அணிந்து, கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி கட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் துணியை தினமும் துவைக்க வேண்டும்.

2. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். கழுத்தை நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய் தடவலாம்.

3. தாலிக்கயிறு வியர்வையையும் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிக்கும்போது அதையும் அலசி, பழைய கயிற்றை மாற்ற வேண்டும்.

4. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு தடவுவது புண்ணைப் பெரிதாக்கும்.

5. கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்துவிடும். வந்தது படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். நான்கு நாள் அடங்கித் திரும்புவது குணமாகவில்லை என்பதற்கே அடையாளம். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. எந்த வேலைக்குப் பின் வருகிறது என்பதையும், தடவிய களிம்பின் டியூபையும் அவரிடம் காட்ட வேண்டும்.

களையை ஒழிக்க: ஒரு செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது. ஆகவே பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஏற்கெனவே அரிப்பு உள்ளவர் இந்த வேலையில் இறங்கக் கூடாது, வீட்டில் வேறொருவர் செய்யட்டும். பயிர் இல்லாத பாதையோரங்களில் லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து செடி நனையத் தெளிக்கலாம். வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் உப்பு கூடாது, மண் கெடும். தரிசில் கொழுஞ்சி விதைத்தால் அது பார்த்தீனியத்தை அமுக்கும், பசுந்தாள் உரமும் ஆகும். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம். கார் பயிர் நிற்கும் அந்த நாட்களில் தெருவாகச் சேர்ந்து பிடுங்கினால்தான் பலன். ஒருவர் மட்டும் பிடுங்கினால் அடுத்த வரப்பிலிருந்து விதை வந்துவிடும்.

மருந்தடிப்பவர் கவனத்துக்கு: முதுகு ஸ்பிரேயரின் மூடி கசிந்தால் மருந்து நேரே பிடரியில் இறங்கும். தெளிக்கும் முன் வெறும் தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்க்க வேண்டும். காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக் கூடாது. தோளில் கிடக்கும் துண்டில் சாரல் ஊறியிருக்கும், அதனாலேயே முகத்தையும் கழுத்தையும் துடைப்பது மருந்தைப் பூசிக்கொள்வதற்குச் சமம். அந்தத் துண்டையும் சட்டையையும் தனியே துவைக்க வேண்டும். தலைச்சுற்றல், வாந்தி, மிகுந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே உடையை மாற்றி, சோப்பால் கழுவி, 108-ஐ அழைக்க வேண்டும். மருந்துப் பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கேள்வி: 13 வயது மகளின் பிடரி கருத்திருக்கிறது, பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்தும் போகவில்லை, பள்ளியில் பிள்ளைகள் அழுக்கு என்று கேலி செய்கிறார்கள் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய் எழுதியுள்ளார்.

பதில்: அரிப்பு இல்லாமல், பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் போலக் கருத்திருந்தால் அது அழுக்கு அல்ல. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். உடல் எடை கூடிய பிள்ளைகளிடம் இது அதிகம் காணப்படும். பின்னாளில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்று உடம்பு முன்கூட்டியே காட்டுவது இது. தேய்த்தால் புண்ணாகுமே தவிர வெளுக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகளின் எடையும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், பெற்றோரும் பார்த்துக்கொள்வது நல்லது. பாட்டில் பானமும் பொரித்த தின்பண்டமும் குறைந்து, காய்கறியும் பயறும் கூடி, தினம் ஓடியாடி விளையாடினால் எடையோடு கருமையும் மெல்ல மெல்லக் குறையும். பிள்ளையை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவள் குளிக்காததால் வந்தது அல்ல இது.