கொப்பி வாங்கும் படத்தில் தலைகுனிந்து நிற்கும் பிள்ளை யாருடையது?



நீளமான பதிவுதான். பெற்றோரும் பழைய மாணவர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். திட்டுவதென்றால் அதற்குப் பிறகு திட்டுங்கள்.

நமது பாடசாலைகளில் இன்டரக்ட் கழகம், லியோ கழகம், செஞ்சிலுவை, சாரணர் என்று சேவை செய்யும் அமைப்புகள் பெருகியிருக்கின்றன. சந்தோசம். ஆனால் அவற்றின் பெயரில் பேஸ்புக்கில் வருகிற படங்களை ஒரு நிமிடம் நிதானமாகப் பாருங்கள். பின்னால் பெரிய பேனர். நடுவில் பிரதம அதிதி. இரண்டு பக்கமும் கோட் போட்ட மாணவத் தலைவர்கள். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை, கையில் நாலைந்து கொப்பியும் ஒரு சப்பாத்துப் பெட்டியும். எல்லோரும் கெமராவைப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளை மட்டும் நிலத்தைப் பார்க்கிறது.

அது யாருடைய பிள்ளை? வேறு ஊர்ப் பிள்ளையா? இல்லை. அதே பாடசாலையில் படிக்கிற பிள்ளை. கடலுக்குப் போகிற ஒருவரின் மகள், அல்லது வாப்பா இல்லாத மகன். திங்கட்கிழமை காலையில் அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அதே வகுப்பில் போய் இருக்க வேண்டும். படம் ஏற்கனவே நூறு வட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்திருக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாங்குகிற பிள்ளையை வெட்கப்படுத்தி, கொடுக்கிற பிள்ளைக்கு மேடை போட்டுக் கொடுப்பதற்குச் சேவை என்று பெயர் வைக்காதீர்கள். அதில் தலைமைத்துவமும் வளராது. வளர்வது பெருமை மட்டும்தான். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வெளியே வந்து லைவ் போடுகிறோம்.

இந்தக் கழகங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவற்றின் சொந்த விதிகளை வாசித்தாலே போதும், நாம் எங்கே நிற்கிறோம் என்று விளங்கும். இன்டரக்ட் 1962 இல் ரோட்டரியின் கீழ் தொடங்கியது. 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. வருடத்தில் ஆகக் குறைந்தது இரண்டு செயற்றிட்டங்கள் செய்ய வேண்டும். ஒன்று பாடசாலைக்கு அல்லது ஊருக்கு, மற்றது உலக மக்களைப் புரிந்துகொள்வதற்கு. லியோ கழகம் 1957 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பாடசாலையில் தொடங்கியது. அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் தலைமைத்துவம், அனுபவம், வாய்ப்பு என்பதைக் குறிக்கின்றன. நாம் முதலாவதை மட்டும் எடுத்து பெட்ச் அடித்துக் குத்திவிட்டோம். நடுவில் இருக்கிற அனுபவத்தைக் காணவில்லை.

நமது நாட்டிலேயே இதைவிட நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1958 இல் கொழும்பு நாலந்தா கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்த இளம் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன, தன் மாணவர்களையும் சக ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். சாதியின் பெயரால் மற்றவர்கள் ஒதுக்கி வைத்திருந்த கிராமம் அது. கொழும்புப் பிள்ளைகள் அந்த மக்களோடு தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சர்வோதய இயக்கம் அங்கேதான் முளைத்தது. 1969 இல் ஆரியரத்னவுக்கு மக்சேசே விருது கிடைத்தது. இன்று நாம் வாய்க்கு வாய் சொல்கிற சிரமதானம் என்ற சொல்லை நாடு முழுவதும் கொண்டுபோனவர்கள் அவர்கள்தான். ஒரு ஆசிரியரும் சில மாணவர்களும் செய்த வேலை அது.

நமது கரையோரத்துக்கும் இது புதிதில்லை. 2004 டிசம்பர் 26 ஐ மறக்க முடியுமா? நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது அம்பாறை மாவட்டம். அன்று வீட்டுக் கதவைத் திறந்து விட்டவர்களும், சோறு சமைத்து அனுப்பியவர்களும், மையித்துகளைத் தேடித் தூக்கி வந்து அடக்கிய இளைஞர்களும் எந்தப் பதவியும் ஏற்றுக்கொண்டு வரவில்லை. இன்று தரம் 11 இல் இருக்கிற பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அந்தப் பாடத்தை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

இப்போது நடப்பதைப் பார்ப்போம். கழக ஆண்டு ஜூலை 1 இல் தொடங்குகிறது. பிரதம அதிதியின் திகதிக்காகக் காத்திருந்து பதவியேற்பு வைபவம் தள்ளிப் போகிறது. பிறகு மண்டபம், சவுண்ட், பேனர், பொன்னாடை, நினைவுச் சின்னம், சோட் ஈட்ஸ். உங்கள் பிள்ளையின் கழகத்தில் அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு போனது, மிச்ச வருடத்துச் சேவைக்கு எவ்வளவு போனது என்று கணக்கைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் தெரியும்.

தலைவர் யார்? நன்றாக இங்கிலிஷ் பேசுகிற பிள்ளை, அல்லது வாப்பா நன்கொடை தருகிற பிள்ளை. பேச்சை எழுதிக் கொடுப்பது பொறுப்பாசிரியர். கடிதம் எழுதுவது பொறுப்பாசிரியர். காசை வைத்திருப்பதும் பொறுப்பாசிரியர். பிள்ளை தன் சொந்த நிகழ்ச்சிக்கே விருந்தாளி மாதிரி வந்து போகிறான். கதிரை அடுக்குகிற, விழா முடிந்து கூட்டுகிற பிள்ளையின் பெயர் அறிக்கையில் எங்கும் இருக்காது. என் கண்ணுக்கு அவன்தான் தலைவன்.

பெண்பிள்ளைகள் விடயம் இன்னும் மோசம். கலவன் பாடசாலைகளில் கூட்ட அறிக்கை எழுதுவது, பணம் சேர்ப்பது, பெயர்ப்பட்டியல் செய்வது எல்லாம் அவர்கள். தலைவர் பதவி என்று வந்தால் மட்டும் "செக்ரட்டரி போதும் மகள்" என்று முடித்துவிடுகிறோம். வேலைக்குத் தகுதி இருக்கிறது, பதவிக்கு இல்லையா?

சேவை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம் தருகிறேன்: டெங்கு. 2017 இல் மட்டும் இந்த நாட்டில் 186,000 க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். நுளம்பின் முட்டை பறக்கிற நுளம்பாக மாற ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் போதும். காய்ந்த சிரட்டையில் ஒட்டியிருக்கிற முட்டை மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, மழைத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வருடத்தில் ஒரு நாள் டீசேர்ட் போட்டுக்கொண்டு துடைப்பத்தோடு படம் எடுப்பதால் நுளம்புக்கு ஒன்றும் நடக்காது. மிச்சம் 51 வாரமும் அது தன் வேலையைச் செய்யும்.

அதே கழகம் வாரம் ஒரு நாள், பாடசாலை விட்ட பிறகு 20 நிமிடம் ஒதுக்கட்டும். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து பீலி, தண்ணீர்த் தாங்கி, கன்டீன் பின்பக்கம், பழைய தளபாடம் போட்ட மூலை எல்லாவற்றையும் பார்க்கட்டும். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதட்டும். மாதம் ஒரு தடவை பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டட்டும். வராத நண்பனை ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டி வரும். பார்க்காமலே பார்த்ததாக எழுதியவனைக் கண்டிக்க வேண்டி வரும். பீலி திருத்தக் காசு கேட்டு அதிபர் முன்னால் போய் நிற்க வேண்டி வரும். தலைமைத்துவம் என்பது இதுதான். இதற்கு மைக் தேவையில்லை.

சரி, எதிர்ப்பேச்சுகளுக்கும் வருவோம்.

"படம் போடாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற நம் சகோதரர்கள் காசு அனுப்ப மாட்டார்கள் சேர்." கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நின்று உழைத்து அனுப்புகிறவர்களை இவ்வளவு கேவலமாக எடை போடாதீர்கள். பில்லை அனுப்புங்கள். எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ற கணக்கை அனுப்புங்கள். கொப்பிக் கட்டைப் படம் எடுங்கள், பிள்ளையின் முகத்தை எடுக்காதீர்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், விளங்கிக்கொள்வார்கள்.

"பிள்ளைகளுக்கு மேடைப் பழக்கம் வேண்டாமா?" வேண்டும். அதற்குத் தமிழ்த் தினப் போட்டி இருக்கிறது, ஆங்கில தினம் இருக்கிறது, விவாதம் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் முதுகை மேடையாக்க வேண்டிய அவசியம் இல்லை.

"படிப்புக் கெட்டுவிடும்." உயர்தரத்தில் இசட் புள்ளிதான் பல்கலைக்கழகத்தைத் தீர்மானிக்கிறது. கழகத் தலைவர் என்பதற்காக யாரும் அதில் புள்ளி கூட்டித் தருவதில்லை. அப்படியிருக்க, சேர்ட்டிபிகேட்டுக்காக ஏன் இந்த ஓட்டம்? விழா ஒத்திகைக்காக வாரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியே நிற்பதுதான் படிப்பைக் கெடுக்கிறது. வாரம் 20 நிமிடம் யாருடைய படிப்பையும் கெடுக்காது.

என் கோரிக்கைகள் ஐந்து. அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.

1. உதவி வாங்குகிற எந்தப் பிள்ளையின் முகமும் படத்தில் வரக் கூடாது. பொருளை வகுப்பாசிரியர் மூலம் சத்தமில்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.

2. பதவியேற்பைக் காலைக் கூட்டத்தில் 15 நிமிடத்தில் முடியுங்கள். மிச்சப்படும் காசு வேலைக்குப் போகட்டும்.

3. ஒரு வருடம் வேலை செய்தவர்களில் இருந்து மட்டும் தலைவரைத் தெரிவு செய்யுங்கள். உறுப்பினர்களே வாக்களிக்கட்டும். ஆணா பெண்ணா என்பது அங்கே கேள்வியாக வரக் கூடாது.

4. கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகள் எழுதட்டும். ஆசிரியர் சரிபார்த்து ஒப்பமிடட்டும். தவணைக்கு ஒரு தடவை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும்.

5. உதவி வாங்குகிற பிள்ளைகளும் கழகத்தில் உறுப்பினர்களாக வரட்டும். டீசேர்ட்டுக்கும் சந்தாவுக்கும் காசில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாது. இல்லாதவனின் கஷ்டம் தெரிந்தவன்தான் நல்ல திட்டம் போடுவான்.

இதில் எதற்கும் மேலிடத்துச் சுற்றறிக்கை தேவையில்லை. அதிபரும் பொறுப்பாசிரியரும் பெற்றோரும் ஒரு பின்னேரம் கூடிப் பேசினால் போதும்.

இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளையிடம் கழகத்தில் என்ன பதவி என்று கேட்காதீர்கள். இந்த மாதம் யாருடைய எந்தச் சுமை உன்னால் குறைந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பிள்ளையை ஏசாமல், நாளைக்குப் பாடசாலைக்கு வாருங்கள். பேசுவோம்.

வஸ்ஸலாம்.