பள்ளி நூலகங்களுக்கு விளையாட்டு ஆளுமைகள் பற்றிய தமிழ்ப் பார்வை நூல்கள் கோரும் மனு

பெறுநர்: பள்ளி நூலகங்களுக்கான நூல் தேர்வையும் கொள்முதலையும் கவனிக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்கள்

பொருள்: விளையாட்டு வீரர், வீராங்கனையரின் வாழ்க்கைக் குறிப்புகளைக் கொண்ட பார்வை நூல் வரிசையைத் தமிழில் தொகுத்துப் பள்ளி நூலகங்களுக்கு வழங்கக் கோருதல் – தொடர்பாக

பார்வை: இதே பொருளில் எங்கள் சங்கம் முன்னர் அளித்த மனுக்களும் நினைவூட்டுக் கடிதங்களும்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நூலகப் பொறுப்பு வகிக்கும் ஆசிரியர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம்.

பார்வையில் கண்ட மனுக்களில் சொன்னவற்றை மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவை படிக்கப்பட்டன என்பதற்கான அடையாளம் எங்களுக்கு வந்த எந்தப் பதிலிலும் இல்லை. முதல் மனுவில் ஒரு நூல் வரிசையைக் கேட்டிருந்தோம். விளையாட்டில் சாதித்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் அதில் அகர வரிசையில் அமைய வேண்டும்; ஒவ்வொரு குறிப்பிலும் ஆண்டு, இடம், போட்டியின் பெயர், போட்டிப் பிரிவு, எட்டிய அளவு ஆகியவை இருக்க வேண்டும்; நூலின் இறுதியில் பெயரடைவும் விளையாட்டுவாரி அடைவும் வேண்டும்; எல்லாம் தமிழில் வேண்டும் என்று எழுதியிருந்தோம். மனு உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்ற ஒருவரிப் பதில் வந்தது. அது எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அடுத்த மனுவில், கதைப்பாங்கான வாழ்க்கை வரலாறுகள் இந்தத் தேவையை ஏன் நிறைவேற்றா என்பதை விரிவாக விளக்கினோம். அதன் பிறகு வந்த நூல் கட்டுகளில் விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை வரலாறுகள் சில இருந்தன. அவற்றுக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் எவை போதா என்று எழுதினோமோ அவையேதான் வந்திருந்தன. பெரும்பாலானவை புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர்கள் சிலரைப் பற்றியவை. எங்கள் உறுப்பினர்கள் பார்த்தவரை அவற்றில் அடைவு இல்லை; சொல்லும் செய்திக்கு ஆதாரம் காட்டும் குறிப்பும் இல்லை.

எங்கள் கோரிக்கை சட்டத்தின் மீது நிற்கிறது. குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 1.4.2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. பள்ளிகள் நிறைவு செய்ய வேண்டிய அளவுகோல்கள் அதன் அட்டவணையில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அட்டவணையின் 6ஆவது இனம் நூலகம். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அது செய்தித்தாள்களையும் இதழ்களையும் எல்லாப் பொருள்களிலும் நூல்களையும் தர வேண்டும், கதை நூல்களும் அவற்றில் அடங்கும் என்பது அதன் பொருள். எல்லாப் பொருள்களும் என்று முதலில் சொல்லிவிட்டு, கதை நூல்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறது சட்டம். ஆகவே கதை நூல்கள் மட்டும் இருந்தால் இந்த இனம் நிறைவேறியதாகாது. அடுத்துவரும் 7ஆவது இனம் விளையாட்டுக் கருவிகளைப் பற்றியது. 29ஆம் பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் உடல் திறனையும் மனத் திறனையும் முழு அளவில் வளர்க்க வேண்டும் என்கிறது. பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவற்றைச் சேர்த்துப் படித்தால், விளையாட்டு என்ற பொருளில் தாய்மொழியில் தேடிப் பார்க்கத்தக்க நூல் ஒன்றுகூட இல்லாத பள்ளி நூலகம் சட்டத்தின் அளவுகோலை எட்டவில்லை என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர முடியாது. இந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே என்று கேட்கப்படலாம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் அதே வளாகத்தில் நடக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கும் அதே நூலகம்தான்.

இனி, கதையாகச் சொல்லும் வாழ்க்கை வரலாறு ஏன் போதாது என்பது. அத்தகைய நூல் ஊக்கம் தருவதற்காக எழுதப்படுகிறது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. பார்வை நூலின் வேலை சரிபார்ப்பது. குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். மிக இளவயதில் அந்தப் பட்டத்தை வென்றவர் அவரே என்று ஒரு மாணவி கட்டுரையில் எழுதுகிறாள். உக்ரைனின் ருஸ்லான் பொனொமரியோவ் 2002இல் பட்டம் வென்றபோது குகேஷைவிடச் சில மாதங்கள் இளையவர் என்று இன்னொரு மாணவன் மறுக்கிறான். இருவரும் சொல்வதற்கு அடிப்படை உண்டு. 1993 முதல் 2006 வரை உலகப் பட்டம் இரண்டாகப் பிளவுபட்டிருந்தது. பொனொமரியோவ் வென்றது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டம். பிளவின்றி ஒரே பட்டமாக இருந்ததை மிக இளவயதில் வென்றவர் குகேஷ். விஸ்வநாதன் ஆனந்த் 2000இல் வென்ற முதல் பட்டமும் அந்தப் பிளவுக் காலத்தைச் சேர்ந்ததே. 2007, 2008, 2010, 2012 ஆண்டுகளின் வெற்றிகளையும் சேர்த்து அவர் ஐந்து முறை சாம்பியன் என்று எண்ணும்போது இந்த விளக்கமும் கூடவே வேண்டும். ஊக்கம் தரும் நூல் இதைச் சொல்ல நிற்காது, நிற்க வேண்டியதுமில்லை. பார்வை நூல் நின்று சொல்லியே ஆக வேண்டும்.

மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024 பாரிஸில் வெண்கலமும் பெற்றார். ரியோவில் அவர் வென்ற போட்டியின் பிரிவு டி42. பின்னிரண்டு போட்டிகளின் பிரிவு டி63. இந்த எழுத்தும் எண்ணும் எதைக் குறிக்கின்றன, இடையில் ஏன் மாறின என்று கேட்கும் குழந்தைக்குப் பதில் தர எங்கள் அலமாரிகளில் ஒரு பக்கமும் இல்லை. அதே குழந்தை ஆங்கிலப் பார்வை நூல் ஒன்றை எடுத்து ‘எம்’ எழுத்தில் மாரியப்பனைத் தேடினால் கிடைக்கமாட்டார். அங்கே தந்தையின் பெயரான தங்கவேலுவின் கீழ் அவரை வைத்திருப்பார்கள். தமிழ்ப் பெயர்கள் தமிழ் வழக்கப்படி வரிசைப்படுத்தப்பட்ட நூலைத் தமிழ்நாடு தவிர வேறு யார் தொகுப்பார்கள்?

பரவலாகத் தெரியாத பெயர்களே பார்வை நூலை மிகவும் நாடி நிற்கின்றன. எம். ஜே. கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்த ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில், அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் பதில் இங்கிலாந்து கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய பிறந்த ஆண்டு 1909 என்றும் 1906 என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. இரண்டையும் தந்து வேறுபாட்டைக் குறிப்பிடுவது பார்வை நூலின் ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தைக் குழந்தை படித்தே கற்றுக்கொள்ளும். கேரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியின் மணத்தி கணேசன், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்று இலங்கைக்கு அப்போட்டிகளின் முதல் தங்கத்தைத் தேடித்தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் ஆகியோருக்குத் தனித்தனியே வாழ்க்கை வரலாறு எழுதி அச்சிடப் பதிப்பாளர்கள் முன்வருவது அரிது. ஒரு தொகுதியில் ஆளுக்கு ஒரு பக்கம் என்றால் எல்லோருக்கும் இடம் கிடைக்கும்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாங்களே எடுத்துப் பேசுகிறோம். கைப்பேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்பது முதலாவது. வகுப்பறைக்குக் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்று நாம்தான் மாணவருக்குச் சொல்கிறோம். அதே மாணவரிடம் பாடத்துக்கான தகவலைக் கைப்பேசியில் தேடச் சொல்வது முறையன்று. மேலும், இணையத்தில் கிடைப்பதில் எது சரி என்று எடைபோடக் கற்கும் வயதில், எடைபோட்டு எழுதப்பட்ட ஒரு நூலாவது குழந்தையின் கையில் இருக்க வேண்டும்.

நூல் விரைவில் பழையதாகிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆரோக்கிய ராஜீவ் இடம்பெற்ற கலப்புத் தொடர் ஓட்ட அணி வெள்ளி வென்றது. முதலிடம் பெற்ற பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்து விதிமீறலால் தகுதியிழந்ததால் 2020இல் அந்த வெள்ளி தங்கமாயிற்று. 2019இல் அச்சான நூல் இன்றும் வெள்ளி என்றே சொல்லும். திருத்தப் பிற்சேர்க்கை வராத தனி நூல்களை வாங்கிக் குவிப்பதற்கு எதிரான வலுவான சான்று இதுதான். நாங்கள் கேட்பது நிலையான பதிப்புக் குழு கொண்ட வரிசையை. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒலிம்பிக், பாராலிம்பிக் போட்டிகள் முடிந்த பின், ஒரு பிற்சேர்க்கைத் தொகுதி வந்தால் போதும்.

சர்ச்சைக்குரிய செய்திகள் சிறுவர் நூலில் வேண்டாமே என்பது மூன்றாவது. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டில் பயிற்சியாளராகப் பணியாற்றினார். இதை மறைத்து, அவர் பெயரையே விட்டுவிடும் நூல் அவருக்கு இரண்டாம் முறை அநீதி செய்கிறது. என்ன நடந்தது, எந்த ஆண்டில் நடந்தது, முடிவெடுத்தது எந்த அமைப்பு என்று நிதானமாக எழுதினால் பதின்வயதுக் குழந்தைக்குப் புரியும். வதந்தியாகக் காதில் விழுவதைவிட அச்சில் நேராகப் படிப்பது நல்லது.

தமிழில் இது ஆகுமா என்ற ஐயத்துக்கு விடை ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியை 1954இல் வெளியிட்டது. பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. அது பிற்சேர்க்கையாக அமைந்த தொகுதி. அதே 1968இல் குழந்தைகள் கலைக்களஞ்சியம் தொடங்கி, 1976இல் பத்துத் தொகுதிகளோடு நிறைவுற்றது. கணினி இல்லாத, வளம் குறைந்த காலத்தில், குழந்தைகளுக்கென்றே தனியாக ஒரு களஞ்சியம் வேண்டும் என்று முடிவுசெய்து முடித்துக்காட்டினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா வென்ற ஹாக்கித் தங்கம்கூட அதற்குப் பிந்தியது. அன்று செய்த வேலையின் சிறு பகுதியை, ஒரே ஒரு துறைக்கு, இன்று செய்யுமாறு கேட்கிறோம்.

நிதி பற்றி நீட்டிச் சொல்ல ஏதுமில்லை. 2018இல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், பள்ளியின் நிலைக்கேற்ப 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை நூலகத்துக்கு ஆண்டு மானியம் வகுத்திருக்கிறது. ஒரு வரிசையை ஒருமுறை தொகுத்து எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து அச்சிட்டால் படியொன்றின் விலை குறையும். மானியம் காலத்தில் வருகிறதா என்பது தனி விவாதம். அந்தத் தாமதத்தை இந்த நூல் வரிசையை மறுக்கக் காரணமாகக் காட்டலாகாது.

ஆகவே எங்கள் முதன்மைக் கோரிக்கை (1): விளையாட்டு ஆளுமைகள் பார்வை நூல் வரிசையைத் தமிழில் தொகுக்க ஆணையிட்டு, உடற்கல்வி ஆசிரியர்கள், நூலகர்கள், விளையாட்டுச் செய்தியாளர்கள், தமிழ் அறிஞர்கள் அடங்கிய பதிப்புக் குழுவை அமைத்து, முதல் தொகுதி வெளிவரும் நாளை அந்த ஆணையிலேயே குறிப்பிட வேண்டும்.

இதனோடு கீழ்க்கண்டவற்றையும் கோருகிறோம்:

2. பார்வை நூல்களைப் பூட்டிய பீரோவில் வைக்காமல் திறந்த அலமாரியில் வைக்கச் சுற்றறிக்கை அனுப்புதல்.

3. மேற்படி வரிசையைப் பிரெய்ல் வடிவிலும் ஒலி வடிவிலும் வெளியிடுதல்.

4. நூல் தேர்வுக் குழுவில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்தல்.

5. நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களை ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்து பாதுகாக்கச் சில்லறைச் செலவினத்தில் அனுமதி அளித்தல்.

6. நூலகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சி நாள்களுக்குப் பயணப்படி வழங்குதல்.

இம்மனுவைக் கவனிக்கும் பிரிவின் பெயரையும் பொறுப்பு அலுவலரின் பதவியையும் குறிப்பிட்டு எழுத்து வடிவில் பதில் தருமாறு வேண்டுகிறோம். முதன்மைக் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால், அட்டவணையின் 6ஆவது இனத்தை எப்படிப் படித்து அந்த முடிவுக்கு வரப்பட்டது என்பதையும் அப்பதிலில் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கத்தின் செயற்குழுவுக்காக)