இ-இன்வாய்ஸ் நம் வாசலுக்கு வருமுன்



வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்து எண் வாங்குவதுதான் இ-இன்வாய்ஸ். "அது பெரிய கம்பெனிக்கு சார்" என்கிறீர்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதலுக்கு வந்த விதி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. இன்னும் இறங்காது என்று யார் சொல்வது?

நம் ஊருக்குக் கூடுதல் கவனம் வேண்டும். காரைக்கால் ஜிஎஸ்டி எண் 34-இல் தொடங்கும். வாஞ்சூர் தாண்டி நாகூர் போனால் 33. அங்கே சரக்கு விற்றால் வெளிமாநில விற்பனை, ஐஜிஎஸ்டி.

ஆகவே துண்டுச்சீட்டை விடுங்கள். வரிசை எண்ணோடு பில் போடுங்கள். வாங்குபவரின் 15 இலக்க எண்ணைச் சரிபாருங்கள். பில் தப்பானால் அவருடைய வரி வரவு சிக்கும்; அடுத்த முறை வேறு கடைக்குப் போவார். அரசும் தமிழில் பயிற்சி தரட்டும்.

பரீட்சைக்கு முந்திய இரவு புத்தகம் திறந்தவன் பாடு உங்களுக்குத் தெரியாததா?