முப்பத்தாறு வயசுச் சாரணன்

சாரணர் டவுசர் போட எனக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்து வைக்கவில்லை. போகட்டும், முப்பத்தாறு வயசில் எனக்கு நானே பேட்ஜ் குத்திக்கொள்கிறேன். இந்தியப் பையன்களுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்தியபோது, 1916-ல் அன்னிபெசன்ட் அம்மையார் அவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கியது நம்ம மெட்ராஸில்தானே!

முடிச்சுப் பேட்ஜுக்குத் தாம்பரம் மார்க்கெட் பூக்காரம்மா குரு. வாழைநாரில் ஒரு முழம் மல்லி உதிராமல் கட்ட மூணு நாள் ஆச்சு. "பி.காம். படிச்சும் விரல் வளையலியே, தம்பி!"

அடுத்தது கல் பேட்ஜ். 1863-ல் பல்லாவரம் சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்த மண்ணில் மனுஷன் எவ்வளவு பழையவன் என்று உலகத்துக்குத் தெரிய ஆரம்பித்தது அதில்தான். ஞாயிறுதோறும் நானும் அந்தப் பக்கம் குனிந்தே நடக்கிறேன். "சில்லறை விழுந்துடுச்சாப்பா?" என்கிறாள் மகள். அவளும் குனிந்து தேடுகிற வயசு வரும்வரை ஃபிளாட் முளைக்காத தரை கொஞ்சம் மிச்சமிருக்க வேண்டுமே!